வந்துவிட்டு உள்ளே போகாதது

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் சுண்ணாம்பு மட்டையும் பிரஷ்ஷும்தான். சுண்ணாம்பு தின்ற விரல்கள் பேனாவை நேராகப் பிடிக்காது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று எனக்கு எப்போதும் குழப்பம். பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் மேல் அட்டை வைத்து எழுதுகிறேன் என்பதையும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

“நடந்ததை எழுதித் தாருங்கள், பயப்படுகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன்” என்று டாக்டரம்மா கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றுதான் எழுதுகிறேன். காரணம், ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருக்கும் நீங்கள். காலையில் ஒரு ஆள் வந்து நின்று, இரண்டு சாத்துக்குடியை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனானே, அது நான்தான். உங்களோடு பேசச் சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார். எனக்கு வாய் வரவில்லை. புது மனிதர்கள் முன்னால் எப்போதுமே வராது.

எனக்கு வந்த அதே நோய்தான் உங்களுக்கும். இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, மருந்து ஏற்ற விடமாட்டேன் என்கிறீர்களாம். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். நானும் இதே வார்டில் அப்படித்தான் படுத்திருந்தேன். நானும் சொல்லவில்லை. உங்கள் காரணம் எனக்குத் தெரியாது. என் காரணத்தைச் சொல்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலைக்காரன். அடி அண்ணாமலையில் வீடு. வெள்ளை அடிப்பது தொழில். ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிறைந்துவிடும். அதற்குள் லாட்ஜுகள், சத்திரங்கள், செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் எல்லாவற்றையும் வெளுத்தாக வேண்டும்.

எனக்கு நோய் வந்த வருட ஐப்பசியில் என் உடம்பில் நீலத் தழும்புகள் தோன்றின. முதலில் முழங்காலுக்குக் கீழே. ஏணி இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு முதுகில், ஏணி தொடாத இடத்தில். ஒரு நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது என் மனைவி சரோஜா கையைப் பிடித்துத் திருப்பினாள். மேல் கையின் உள்பக்கத்தில் வரிசையாக நீலக் கறைகள்.

“இன்னாங்க இது? யாரு புடிச்சு இழுத்தது?”

“யாரும் இல்லியே.”

“விரல் பதிஞ்சிருக்குது பாரு. நல்லா அழுத்திப் புடிச்ச மாதிரி.”

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். என் விரல்களை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்த விரல்கள் என் விரல்களைவிட மெலிந்தவை.

அதே வாரம் செங்கம் ரோட்டில் ஓர் அறைக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. எதிரே ஈரச் சுவர் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மூக்கைத் தொட்டால் இரத்தம். முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவசரமாக அதன் மேல் சுண்ணாம்பை இழுத்தேன். காய்ந்ததும் பழுப்பாக மேலே வந்தது. இன்னொரு பூச்சு அடித்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அதே இடத்தில், அதே புள்ளிகள் சுவருக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. பட்டப்பகல். வெளியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறது. எனக்கு அந்த அறையில் தனியாக நிற்க முடியவில்லை. மட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் டாக்டர் இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் உட்காரச் சொன்னார். பிறகு நான் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு முறை உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே போக வேண்டும், பஸ்ஸில் போகக் கூடாது, குலுங்கினால் உள்ளே எங்காவது இரத்தம் கசியும் என்றார்.

சரோஜாவின் தம்பி மணி கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறான். நெல் மூட்டை ஏற்றும் வேன். அதில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். எப்போதும் பறக்கிறவன் அன்று மாட்டு வண்டி மாதிரி ஓட்டினான்.

“மாமா, பின்னாடி சைக்கிள்காரன் ஹாரன் அடிக்கிறான். என் மானமே போச்சு” என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்தேன். நனைந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரர் எழுவதற்கு முன்னால் மற்ற எல்லோரும் ஒரு முறை மூச்சை இழுப்பார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. சரோஜாதான் இடித்து எழுப்பினாள்.

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற பகுதி. இரத்தம் அங்கேதான் பிறக்கிறதாம். மரத்துப்போக ஊசி போடுவதால் குத்துவது வலிக்காது. உறிஞ்சும்போதுதான் காலின் உள்ளே இருந்து ஒரு நூலை உருவி எடுப்பது போல இருக்கும். சீக்கிரம் முடிந்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், மகள் இருந்திருந்தால். எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லும் பழக்கம் அவருக்கு. வந்திருப்பது இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆனா இது குணமாகற வகைம்மா” என்றார் டாக்டரம்மா. “முதல் சில வாரம் தாண்டிட்டா போதும். ஆபத்து இப்பதான். ரத்தம் உறையற சக்தி போயிடுச்சு. மூளையில கசிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால மருந்தை உடனே ஆரம்பிக்கணும்.”

மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், நான் கேட்காமலே, மைக்ராஸ்கோப்பில் என் இரத்தத்தைக் காட்டினார். ஊதா வட்டங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் விறகுக் கட்டு போல ஊசிகள். நான் அவற்றைப் பார்க்கவில்லை, அவை என்னைப் பார்க்கின்றன என்று தோன்றியது. தலையை எடுத்துவிட்டேன்.

“இதெல்லாம் வெள்ளை அணு ஆக வேண்டியது. பாதி வளர்ந்து நின்னுடுச்சு. வளரவும் இல்ல, சாகவும் இல்ல. பெருகிக்கிட்டே போகுது” என்றார்.

“ஏம்மா நின்னுச்சு?” என்று மணி கேட்டான். எனக்குக் கேட்கத் தோன்றியது, வாய் வரவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீண்ட நூல்கள் இருக்கின்றன. உடம்பு செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றுக்கும் அவற்றில் குறிப்பு இருக்கிறது. ஒரு வேலைக்கான குறிப்புக்கு ஜீன் என்று பெயர். எல்லா ஜீனையும் எப்போதும் படிப்பதில்லை. எதைப் படிக்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு புரதம் போய் உட்கார்ந்து படிக்கிறவர்களைக் கூப்பிட வேண்டும்.

“அத்தினி நீள நூல்ல இடத்த எப்படிக் கண்டுபிடிக்குது?” என்றான் மணி.

“அதுக்கு விரல் இருக்கு. நாங்களே விரல்னுதான் சொல்றோம். துத்தநாகத்தை நடுவுல பிடிச்சு மடங்கி இருக்கற ரெண்டு விரல். நூலைச் சுத்தி ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துல விரலை விட்டுத் தடவிக்கிட்டே போகும். தனக்குரிய எழுத்து வந்தா பிடிச்சுக்கும்.”

“இருட்டுலயா?” இதை நான்தான் கேட்டேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “இருட்டுலதான்.”

என் மேல் கை சில்லென்று ஆனது. சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அவர் தொடர்ந்தார். அந்தப் புரதத்துக்கு ஒரு பகுதி விரல் என்றால், இன்னொரு பகுதி காது மாதிரி. விட்டமின் ஏ சத்திலிருந்து வரும் ஒரு பொருள் அந்தக் காதில் வந்து விழும். அது வராதவரை, அந்த ஜீனின் வாயைப் பொத்துகிற ஆட்களைப் புரதம் பக்கத்திலேயே வைத்திருக்கும். வந்து விழுந்ததும் புரதத்தின் உடம்பு வளைந்து மாறும். பொத்துகிறவர்கள் விலகிப் போவார்கள், படிக்கிறவர்கள் வருவார்கள், ஜீன் திறக்கும், செல் வளரும். வேலை முடிந்தால் புரதம் விட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

“இவருக்கு ரெண்டு நூல் அறுந்து மாத்தி ஒட்டிக்கிச்சு. அதனால இந்தப் புரதத்தோட தலைப்பக்கம் போய், வேற ஒரு புரதத்தோட துண்டு அங்க வந்து ஒட்டியிருக்கு. பாதி அது, பாதி இது. விரல் மட்டும் பழைய விரல். அதனால சரியான இடத்துலதான் போய் உக்காருது. ஆனா கூப்பிட்டா கேக்கறதில்ல. வாயைப் பொத்தறவங்களை இன்னும் இறுக்கி வெச்சுக்குது.”

மணி யோசித்துவிட்டுச் சொன்னான்: “பாதி டிரைவரு பாதி கண்டக்டரு ஒருத்தனா ஏறிக்கினா இப்பிடித்தான். ஸ்டேரிங்கயும் வுடமாட்டான், விசிலும் ஊதமாட்டான். வண்டி ஸ்டாண்டுலயே நிக்கும்.”

டாக்டரம்மா சிரித்தார். சரோஜாகூடச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி அது, பாதி இது என்று அவர் சொன்னதிலேயே நான் நின்றுவிட்டேன்.

நீங்கள் வேறு ஊர்க்காரராக இருந்தால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் சன்னதியிலிருந்து வெளியே வருவார். ஒரு பாதி சிவன், ஒரு பாதி அம்மன். வருடத்துக்கு ஒரே ஒரு முறை. ஆடிக்கொண்டே வருவார். அவர் முகம் காட்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கீழே கொடிமரத்தின் முன்னால் தீபம் ஏற்றுவார்கள், அதே நேரம் மலை உச்சியில் கொப்பரையிலும் தீபம் எரியும். ஏற்றியதும் அவர் உள்ளே போய்விடுவார். அப்புறம் அடுத்த வருடம்தான்.

எனக்கு நோய் வருவதற்கு முந்தைய வருடம் கோயிலில் வெள்ளை அடிக்கும் வேலை கிடைத்ததால் தீபத்தன்று உள்ளே நிற்க எனக்கு இடம் கிடைத்தது. பிறந்து வளர்ந்த ஊரில் அதுதான் முதல் முறை. எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று. நான் கேட்பதற்கு எதையும் யோசித்துவைக்கவில்லை. திடீரென்று அவர் எதிரே வந்துவிட்டார். தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு கண் ஒரு மாதிரி, இன்னொரு கண் வேறு மாதிரி. எனக்கு வாய் குழறிவிட்டது. வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் சொல்வோமே, அதைத்தான் சொன்னேன்.

“வாங்க.”

அவ்வளவுதான். அவர் உள்ளே போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆக, எனக்குத் தெரிந்துவிட்டது. நூல் ஏன் அறுந்தது என்று மணி கேட்டதற்கு, “யாராலயும் சொல்ல முடியாது, இவர் தப்பு ஒண்ணும் இல்ல” என்றார் டாக்டரம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. நான் கூப்பிட்டேன், வந்துவிட்டார். கையில் இருந்த மெலிந்த விரல்களின் தடம் யாருடையது என்றும் புரிந்துவிட்டது.

பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னார். விட்டமின் வகை மாத்திரை ஒன்று இருக்கிறது, விலை மிகவும் ஜாஸ்தி. இன்னொன்று நரம்பு வழியாக ஏற்றுவது, நன்றாக வேலை செய்கிறது. அதன் பெயர் ஆர்சனிக்.

“அது பாஷாணம் ஆச்சேம்மா?” என்றான் மணி. “எலிக்கு வெப்பாங்களே.”

“பாஷாணம்தான். மறைக்க மாட்டேன். ஆனா அளவோட, தினமும் இதயத்தைப் பாத்துப் பாத்துக் கொடுப்போம்.”

“வாங்க” என்று நான் கூப்பிட்டு வந்தவருக்கு விஷம் வைப்பதா? கை நீட்டச் சொன்னபோது என் இரண்டு கைகளும் தானாகவே போர்வைக்குள் போய்விட்டன. நர்ஸ் கெஞ்சினார். மணி கோபித்துக்கொண்டு வெளியே போனான். இரத்தத்தை உறையவைக்கும் அணுக்களை மட்டும் அதற்கு முன்பே ஏற்றியிருந்தார்கள். அவை மணியின் உடம்பிலிருந்து எடுத்தவை. அதை வைத்துத்தான் அன்று ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம், பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அடங்கியிருந்தது. ஜன்னல் முழுக்க வெயில். எனக்குக் காய்ச்சல். வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு அடிக்குக் கொலுசு ஒலித்தது. அடுத்த அடிக்கு ஒலிக்கவில்லை. மறுபடி ஒலித்தது. மறுபடி இல்லை. மெதுவாக எங்கள் கதவு வரை வந்தது. நின்றது. கதவில் தொங்கிய பச்சைத் துணி உள்பக்கமாக ஒரு முறை உப்பி அடங்கியது.

காய்ச்சல் செய்யும் வேலை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆரணி பாய் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “யாரது, ஒத்தக் கொலுசு போட்டுக்கினு?”

சரோஜா கஞ்சி வடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். “வாங்க” என்று கூப்பிட்டது முதல் கொலுசு வரை.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“யோவ், உனக்குப் பைத்தியமா? இதுக்கா ரெண்டு நாளா கைய ஒளிச்சு வெச்சுக்கினு கெடக்கற? நான் அங்க மருந்துக் காசுக்கு ஜெராக்ஸ் கடைக்காரன் முதல்கொண்டு கும்பிட்டுக்கினு கெடக்கறேன்.”

திட்டித் தீர்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் எங்கள் ஊர்க்காரி. சாமி விஷயத்தில் சும்மா போ என்று சொல்ல அவளாலும் முடியாது.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அவரு வெளிய வந்தா எம்மா நேரம் இருப்பாரு?”

“கொஞ்ச நேரம்தான். பாக்கறதுக்குள்ள போயிடுவாரு.”

“எதுக்கு வராரு?”

“தீபம் ஏத்த.”

“ஏத்துனதும்?”

“உள்ள போயிடுவாரு.”

“உன் உடம்புல வந்து குந்திக்கினு இருக்கறது எதையாச்சும் ஏத்துச்சா? டாக்டரம்மா இன்னா சொல்லுச்சு? தொறக்க வேண்டிய இடத்துல குந்திக்கினு வாயப் பொத்திக்கினு இருக்குதாம். ஏத்தவும் இல்ல, போவவும் இல்ல. ஏழு ஊரு சனம் காத்துக்கினு நிக்கற எடத்துல வந்து, வெளக்கையும் ஏத்த வுடாம, உள்ளயும் போவாம நிக்கறது சாமியாய்யா?”

நான் போர்வைக்குள் மேல் கையைத் தடவிப் பார்த்தேன்.

“வேஷம் போட்டுக்கினு வந்திருக்குது” என்றாள். கதவுத் துணியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது நானே கேட்டேன். வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

“அந்தப் பாதி பாதி, போவவே போவாதாம்மா?”

“அதானே நோய். நல்ல புரதம் பிடிக்கும், விடும். இது தானா விடாது.”

“பாஷாணம் அத கொன்னுடுமா?”

“கொல்றதுன்னு சொல்ல முடியாது. ஆர்சனிக் போய் அந்த ஒட்டின பாதியைப் பிடிச்சுக்கும். பிடிச்சதும், இது இங்க இருக்கக் கூடாததுன்னு செல்லே அடையாளம் வெச்சு, அதை அறுத்துக் கரைச்சிடும். பொத்தின கை போயிட்டா ஜீன் திறக்கும். நின்னு போன செல்லெல்லாம் தானா வளரும்.”

“வலிக்குமா?”

“ஊசி குத்தறது மட்டும்தான். உங்களுக்கு வேற வலி இருக்காது.”

“எனக்கில்லம்மா. அதுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “தெரியாதுங்க. அப்படி நான் யோசிச்சதில்ல” என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் அவரை நம்பினேன்.

கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் சொன்னேன். நீங்கள் அவராக இருந்தால் என்னை மன்னிக்க வேண்டும், வழி அனுப்பிவைக்கிறேன். அவர் இல்லையென்றால் உங்களை நான் கூப்பிடவே இல்லை. சொல்லிவிட்டு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

மருந்து தண்ணீர் போலத்தான் இருந்தது. நிறம் இல்லை, வாசனை இல்லை. பாட்டிலில் இருந்து ஒவ்வொரு சொட்டும் விழும்போது சரோஜா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். திட்டினாளா, வேண்டினாளா, எனக்குத் தெரியாது. நெஞ்சில் வயரை ஒட்டி இதயத்தின் ஓட்டத்தைத் தினமும் பார்த்தார்கள். கொஞ்சம் குமட்டல், கை காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அது சகஜமாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நடுவில் ஒரு கட்டம் வந்தது. திடீரென்று உடம்பு ஊதியது. மூச்சை உள்ளே இழுத்தால் பாதியில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தடுத்தது. அது போகாமல் எதிர்க்கிறது என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா வேறு சொன்னார். வளராமல் நின்றிருந்த செல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வளர்ந்து எழுந்துவிட்டதால் நுரையீரல் ஈரமாகிவிட்டது, இது மருந்து வேலை செய்வதன் அடையாளம், ஆனால் ஆபத்தான அடையாளம் என்றார். மருந்தைச் சில நாள் நிறுத்தி, வேறு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார்கள். உங்களுக்கு மூச்சு திணறினால் உடனே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு என்னைப் போல அரை நாள் சும்மா இருக்காதீர்கள். நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம் அது.

அந்த மயக்கத்திலேயே தீபம் வந்து போய்விட்டது. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் மணி வாய்தவறி, “தீபத்துக்கு வேன் சவாரி பிச்சிக்கிச்சு மாமா” என்றான். சவாரியை எல்லாம் விட்டுவிட்டு அவன் இங்கே என் பக்கத்தில்தான் இருந்தான். வேனையே அடமானம் வைத்திருக்கிறான் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், “வண்டி ஸ்டாண்டுலதான நிக்குது, எங்க போயிடப் போவுது” என்பான்.

தழும்புகள் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தன. மேல் கையில் இருந்த விரல் தடம்தான் கடைசியாகப் போனது. ஒவ்வொரு விரலாகப் போயிற்று. கடைசி ஒன்று மறையும்வரை நான் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன்.

வீட்டுக்குப் போய், இடைவெளி விட்டு விட்டு வந்து மறுபடி மருந்து ஏற்றிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அறுந்து ஒட்டிய அந்தக் குறிப்பு ஒரு செல்லில் மிச்சம் இருந்தாலும் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டாம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “தேடிப் பாத்தாச்சு. இல்ல” என்றார்.

“எங்க போச்சும்மா?”

“எங்கயும் போகலைங்க. கரைஞ்சு போச்சு.”

சரோஜா அந்த இடத்திலேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்தான். ஆனாலும் வேனில் திரும்பும்போது ஒரு மாதிரி இருந்தது. விருந்தாளி போன மறுநாள், வீட்டில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காராமல் சுற்றிக்கொண்டு போவோமே, அந்த மாதிரி. இன்றும் சில மதியங்களில் நான் பேசாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதுவும் வந்ததில்லை. வர வேண்டும் என்று கேட்கிறேனா, வரக் கூடாது என்று கேட்கிறேனா, அதைச் சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். அவளே படிக்கப் போகிறாள். படிக்கட்டும்.

ஏனென்றால் இதை நான் வந்து உங்களுக்குப் படித்துக் காட்டமாட்டேன். என்னால் முடியாது. சரோஜா எட்டாவது வரை படித்தவள், கூச்சம் என்பதே கிடையாது. வராந்தாவின் கோடியில் நின்று, முடிந்ததா என்று கையை ஆட்டிக் கேட்கிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கட்டிலில் உட்கார்ந்து வார்டுக்கே கேட்கும்படி படிப்பாள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன்.

நாளை காலை வரை பொறுக்கலாம், அதற்கு மேல் பொறுக்க இரத்தம் இடம் தராது என்று டாக்டரம்மா சொன்னார். அதை உங்களிடமும் சொல்லியிருப்பார்.

உங்கள் உடம்பில் வந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள் என்றும் கேட்கமாட்டேன். யாராக இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளுங்கள். அவள் படித்து முடிக்கும்வரை கைகள் போர்வைக்குள்ளேயே இருக்கட்டும். முடித்ததும் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டும் வேண்டாம். ஒரு கை போதும்.

அடி அண்ணாமலை ஏழுமலை
2005 ஜனவரி 31, திங்கட்கிழமை